எஃப் 17-ஆம் இருக்கை

எங்கள் கல்லூரி வாலிபால் அரங்கத்தைப் புதுப்பித்தபோது யேசுவடியான் எழுந்திருக்கவில்லை. அதனால் அவரைச் சுற்றிச் சிமென்ட் பூசிவிட்டார்கள்.

இதில் யார்மேலும் தப்பில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய அரங்கத்தின் கடைசி ஆட்டத்தில், ஐந்தாவது செட் 14-14 என்று நின்றபோது கரண்ட் போய்விட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் யேசுவடியான் இடது காலை வலது காலின்மேல் போட்டிருந்தார். போட்டதும் எங்கள் பையன்கள் வரிசையாக ஆறு பாயிண்ட் எடுத்தார்கள். எங்கள் கேலரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் எப்படி உட்கார்ந்திருக்கும்போது பாயிண்ட் வருகிறதோ, செட் முடியும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். மூத்திரம் முட்டினாலும் அடக்க வேண்டும்.

"அசையாதிரும்வே. கரண்ட் இப்ப வந்துரும்" என்று அவரிடம் சொன்னது நான்தான்.

கரண்ட் வரவில்லை. அரங்கத்தைப் புதுப்பிக்கும் உத்தரவு வந்தது. நான் டீ குடிக்கப் போனேன். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் இருந்தார்.

நாங்கள் இருவரும் பத்தொன்பது வருடம் ஒரே படியில் உட்கார்ந்து கத்தியவர்கள். எனக்கு டயர் கடை. அவருக்கு ஜெராக்ஸ் கடை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் எங்கள் அணி ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. நாங்கள் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை.

போன திங்கட்கிழமை மதியம் புதிய அரங்கம் திறந்தது. விட்ட இடத்திலிருந்து, 14-14லிருந்து, ஆட்டம் தொடரும் என்றார்கள்.

வாசலிலிருந்து கேலரிக்குப் போக ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் நாங்கள் தோற்ற ஆட்டங்களின் படங்களை மாட்டியிருந்தார்கள். நான் நடக்க நடக்க அது நீண்டது. எனக்கு முன்னால் ஒருவர் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்தார். நடைபாதையைச் சனிக்கிழமையே திறந்துவிட்டார்களாம்; அன்றைக்கே உள்ளே வந்தவராம். முன்யோசனைக்காரர்.

கடைசியில் ஒரு கவுன்ட்டர். அதில் ஒரு பெண் இருந்தாள்.

"ரசிகர் சான்று இருக்கா சார்?"

"பத்தொம்பது வருசமா வாரேன்மா."

"வந்ததுக்குக் கேக்கல. ரசிகர்ங்கதுக்குக் கேக்கேன்."

"அது எப்பிடிக் குடுக்கது?"

"ஆட்டத்துக்காக யாரையாவது விட்டிருக்கணும். அவங்க பேர இந்த பாரத்துல எழுதுங்க."

"எங்கப்பா சாவக் கெடந்தப்போ நான் இங்கனதான் இருந்தேன்."

"அது எல்லாரும் எழுதுறதுதான் சார். வேற?"

கொஞ்சம் யோசித்து, யேசுவடியான் என்று எழுதினேன். அவள் முகம் மலர்ந்தது. முத்திரை குத்தி டிக்கெட் கொடுத்தாள். எஃப் 17.

கேலரி கண்ணைப் பறித்தது. ஆயிரத்து இருநூறு இருக்கைகள், எல்லாம் நீல நிறம். எங்கள் கல்லூரி நூலகர் மேலே ஸ்கோர்போர்டாக நின்றுகொண்டிருந்தார். பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன். இரண்டு பக்கமும் 14 காட்டிக்கொண்டிருந்தார். கை வலித்தாலும் முகத்தில் காட்டவில்லை.

எஃப் 17 யேசுவடியான்தான். அவர் தொடையும் மடித்த காலும் இருக்கையாகவும், மார்பு சாய்மானமாகவும் சமமாகப் பூசப்பட்டிருந்தன. அதற்கும் நீல பெயிண்ட். கழுத்துக்கு மேல் மட்டும் அவர் அப்படியே இருந்தார். தலையில் எண்ணெய் மின்னியது. அவர் சம்சாரம் ஞாயிறுதோறும் வந்து தேய்த்துவிட்டுப் போவாராம்.

"வந்துட்டீரா?" என்றார்.

"வந்துட்டேன்."

"டீ குடிக்கப் போனீரு."

"குடிச்சிட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"சீனி தூக்கல்."

அவர் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புதன்கிழமை காலைல எம்மவ ஜெபராணிக்குக் கல்யாணம்வே. கோயிலுக்குள்ள நான்தான் அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். செட் முடிஞ்சதும் என்னைய ஒடைச்சு விட்டுருவாங்கல்லா?"

"கொத்தனாரு உளியோட கீழதான் நிக்காரு."

அது உண்மை. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அவர்மேல் உட்கார்ந்தேன். இடுப்புக்கு நல்ல வசதி. அவர் தாடை மட்டும் என் பிடரியில் குத்தியது.

உடற்கல்வி இயக்குநர் ஆசீர் சார் விசில் ஊதினார். எங்கள் பையன் சர்வீஸ் போட்டான். 15-14. கேலரியே எழுந்து குதித்தது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் எங்களுக்கு. இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வந்தால்தான் செட் முடியும்.

என் பிடரியில் ஒரு தும்மல் விழுந்தது. 15-15.

"மூக்கு அரிக்கிவே. சிமென்ட் தூசி" என்றார்.

"செத்த நேரம் பொறுத்துக்கிடும்."

16-15. தும்மல். 16-16. 17-16. தும்மல். 17-17. அவர் அசையாதபோது எங்களுக்குப் பாயிண்ட், தும்மினால் எதிரணிக்கு. இதை முதலில் கண்டுபிடித்தது புளிச்சோற்றுக்காரர். மீதி ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எஃப் பதினேழைப் புடிங்கவே!" என்று யாரோ கத்தினார்.

38-38 ஆனபோது நூலகர் விம்ம ஆரம்பித்தார். ஆசீர் சார் இரண்டாவது விசிலுக்கு மாறியிருந்தார். நான் திரும்பி, யேசுவடியானின் மூக்கை இரண்டு விரலால் பிடித்தேன். உள்ளங்கையால் வாயைப் பொத்தினேன்.

"ரெண்டே பாயிண்ட்டு" என்றேன். அவர் கண்ணாலேயே சரி என்றார். எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

39-38 சீக்கிரமே வந்துவிட்டது. அடுத்த சர்வீஸுக்கு மைதானம் நீளத் தொடங்கியது. புதுப்பித்ததில் இது ஒரு கூடுதல் வசதி என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். சர்வீஸ் போடுகிற பையன் எறும்பளவு ஆனான். பந்தை அடித்தான். அது எங்களைத் தாண்டிப் போகவே வெகுநேரம் ஆனது. கீழே இரண்டு பேர் போய் வடை சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பந்து இன்னும் வலையை எட்டவில்லை.

யேசுவடியானின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் பூசிய மார்புக்குள் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. என் விலாவில் அது தெரிந்தது. கையை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. தோன்றியதோடு சரி.

பந்து வலையைத் தாண்டியது. எதிரணி தூக்கி அடித்தது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் எழும்பிப் பிளாக் செய்தார்கள். பந்து அவர்கள் பக்கமே விழுந்தது. 40-38.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். நான் கையை எடுத்தேன். அவர் மூச்சை இழுத்த சத்தம் கேலரியின் ஆரவாரத்தைத் தாண்டிக் கேட்டது. நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவரும் அழுதார்.

கொத்தனார் உளியோடு ஏறி வந்தார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. ஒடைக்கணும்."

நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது ஆசீர் சார் மைக்கில் பேசினார். அரையிறுதி புதன்கிழமை காலை என்றார். கைதட்டல் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வற்புறுத்துகிற ரகம் இல்லை.

"ஒடைச்சா மறுபடி இதே மாதிரி பூச முடியுமா?" என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"இதே மாதிரி வராது அண்ணாச்சி. கால் போட்டது மாறிப்போவும்."

நான் திரும்ப உட்கார்ந்தேன்.

"ஏம்வே?" என்றார் யேசுவடியான்.

"சீசன் முடியட்டும்."

"ஜெபராணிட்ட என்ன சொல்லுவீரு?"

"ஜெயிச்சிட்டோம்னு சொல்லுதேன்."

அவர் கொத்தனாரின் உளியைப் பார்த்தார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பொய்யில்லை. ஆனால் அரையிறுதிக்கு நாங்கள் போவது இதுதான் முதல் தடவை. தும்மல் விஷயத்தில் இனிமேல் அசட்டையாக இருக்க முடியாது. தலையையும் சேர்த்துப் பூசிவிடச் சொன்னேன்.

"மூக்குக்கு ஓட்டை விடணுமா அண்ணாச்சி?"

யோசித்தேன். தும்மல் அந்த வழியாகத்தான் வருகிறது.

"வேண்டாம்."

கொத்தனார் சிமென்ட் குழைத்தார்.

"ஒண்ணு மட்டும் செய்யும்" என்றார் யேசுவடியான். "மூஞ்சிய மைதானத்தப் பாக்க வச்சுப் பூசச் சொல்லும். நம்ம பயலுவ ஜெயிக்கத நான் பாக்கணும்லா."

கேட்டது நியாயம்தான். அவரும் ரசிகர். முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மைதானத்தின் பக்கம் வைத்தேன். பிறகு சாய்ந்து பார்த்தேன். தாடை பிடரியில் குத்தியது. முழு ஆட்டமும் இப்படி உட்கார முடியாது.

சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துச் சாய்ந்தேன். இப்போது சரியாக இருந்தது.