பட்டியலில் ஆறாவது இடம்

1

இதை எழுதச் சொன்னவர் மார்கரெட் அக்கா. கதை எழுது என்று அவர் சொல்லவில்லை. பொய் எழுது என்றார். எனக்குத் தெரிந்த நாகரிகமான பொய், கதை ஒன்றுதான் என்பதால் இப்படி ஆகிவிட்டது.

என்னைப் பற்றி ஒரு வரி. சிறுசேரியில் ஒரு பயணச் செயலிக்குத் தமிழில் எழுதுகிறேன். 'உலகில் பார்க்க வேண்டிய பதினைந்து ஏரிகள்', 'மனிதன் படைத்த விசித்திரக் கட்டடங்கள்' என்றெல்லாம் நீங்கள் கைபேசியில் தள்ளிவிட்டுப் போயிருப்பீர்களே, அவற்றில் பாதி என்னுடையவை. பத்து வருஷமாக உலகத்தை வர்ணிக்கிறேன். பாஸ்போர்ட் கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'கதிரவன் கடலிலிருந்து எழும் அந்தப் பொன்னான வேளையில்' [நிறுத்தினேன். இது ஆபீஸ் தமிழ்.]

இரண்டாம் தொடக்கம்: 'மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சரியாக' [இதை முடித்தால் செய்த தப்பையே மறுபடியும் செய்தவன் ஆவேன்.]

ஆகவே ஜெரோமிடமிருந்து தொடங்குகிறேன். செங்கல்பட்டிலிருந்து எங்களைத் தினமும் ஆபீசுக்கு ஏற்றிப்போகும் வண்டியின் டிரைவர் ஜெரோம். நான் முன் சீட்டில் உட்கார்ந்ததும், "இன்னிக்கி எந்த ஊரு சார்?" என்பார். அன்று எழுத இருப்பதைச் சொல்வேன். மழை பெய்தால் வானம் காலடியில் தெரியும் பொலிவியாவின் உப்புவெளி. மேகாலயாவில் மரத்தின் வேரைப் பின்னிப் பின்னி வளர்த்தெடுத்த பாலம். ஆஸ்திரேலியாவின் ரோஸ் நிற ஏரி. எல்லாவற்றுக்கும் அவர் சிரித்தபடி தலையாட்டுவார், ஏதோ நான் நேற்றுதான் அங்கிருந்து இறங்கியவன் மாதிரி.

ஒருநாள் பிரான்ஸ் தேசத்துத் தபால்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். கடிதம் கொடுக்கப் போகிற வழியில் கிடந்த கற்களைப் பொறுக்கி, முப்பத்து மூன்று வருஷம் ஒற்றை ஆளாக மாளிகை கட்டியவர். ஜெரோம் சிரிக்கவில்லை. கியரை மாற்றியபடி சொன்னார்.

"எங்க அக்காவும் இப்டிதான் சார் ஒண்ணு பண்ணிகினு கீது."

3

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூட்டிப்போனார். கைவிடப்பட்ட ஒரு கல்லுக்குழி, அடியில் மழைத்தண்ணீர். ஜெரோமின் அக்கா மார்கரெட்டின் கணவர் கருப்பன் அங்கே கல் உடைக்கும் வேலையில் இருந்தபோது மேலிருந்து விழுந்து இறந்தவர். அவருக்குப் பின் குழியில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா மட்டும் போய்வந்தார். கடற்கரையில் அலை அரைத்து மழுக்கிப்போட்ட கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிவந்து, சிமெண்ட் குழைத்து, குழியின் சுவரில் பதித்துக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷம். பீர் பாட்டில் பச்சை, மருந்து பாட்டில் பழுப்பு, எங்கிருந்தோ வந்த நீலம். தை மாதத்துக் காலை வெயில் அதன் மேல் சாய்வாக விழும்போது

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே நல்ல வாக்கியம். எடுத்துவிட்டேன். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் தெரியும்.]

ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அவரு வுழுந்த எடம் இருட்டா இருந்துச்சு. அதான்" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "பாத்துட்டல்ல. யாராண்டயும் சொல்லாத." சரிக்கா என்றேன்.

(ஓர் ஒப்புதல். துக்கப்பட்ட பெண் கதையில் அளந்து பேசினால் எழுதுகிறவனுக்கு வசதி. நிஜத்தில் அக்கா அன்று வாய் ஓயாமல் பேசினார்: முட்டிவலி, ஜெரோமின் சர்க்கரை, எனக்கு இந்த வயதிலும் ஏன் தலை நரைக்கவில்லை என்ற சந்தேகம். எனக்கு வேண்டிய இரண்டு வாக்கியங்களை மட்டும் அதிலிருந்து உருவி எடுத்திருக்கிறேன். என் தொழிலே அதுதான்.)

4

நான்கு மாதம் கழித்து 'யாரும் அறியாத பத்து அதிசயங்கள்' என்ற பட்டியல். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போயாக வேண்டும். நாலு மணிக்கு ஆறாவது இடம் கழன்றுகொண்டது. வெளிநாட்டுக் குகை ஒன்று. படத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. பத்து என்று தலைப்பு போட்டாகிவிட்டது, கையில் ஒன்பதுதான். என் கைபேசியில், அக்கா சிமெண்ட் குழைக்கக் குனிந்திருந்தபோது எடுத்த ஒரு படம் இருந்தது.

தமிழில் எழுதுவதை எவன் படிக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஊர்ப்பெயர் போடவில்லை, அக்கா பெயர் போடவில்லை. ஆனால் வரைபடத்தில் புள்ளி வைக்காமல் எங்கள் படிவம் நகராது. புள்ளியைக் கடலுக்குள் தள்ளி வைத்திருக்கலாம், யாரும் சரிபார்க்க மாட்டார்கள். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கி, குழியின் விளிம்பில் துல்லியமாக வைத்தேன். பத்து வருஷமாகக் கண்ணால் காணாத இடங்களுக்கெல்லாம் புள்ளி வைத்தவனுக்கு, தானே நின்று பார்த்த ஓரிடம் கிடைத்த சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

5

படித்தார்கள். ரீல்ஸ் எடுத்தார்கள். என் வாக்கியத்தையே பின்னணியில் யார் யாரோ உருக்கமான குரலில் வாசித்தார்கள். ஞாயிறுதோறும் பைக்குகள் வந்தன. ஞாபகத்துக்கென்று வண்டிச் சாவியால் சில்லுகளை நெம்பி எடுத்துப்போனார்கள். நீலம்தான் முதலில் தீர்ந்தது. ஒரு கல்லூரிப் பையன் மேலிருந்து தண்ணீரில் குதித்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அதன்பின் அதிகாரிகள் வேலி போட்டு, பூட்டுப் போட்டு, காவலுக்கு ஓர் ஆளையும் வைத்தார்கள். யாரும் சாகக்கூடாது என்றுதான் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்கும் அதே பூட்டுதான். கருப்பனின் நினைவு நாளில் மெழுகுவத்தியை வேலிக்கு வெளியே ஏற்றினார். கடற்காற்று அணைத்துவிட்டது.

ஒரு வாரம் ஜெரோம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நானாக மன்னிப்புக் கேட்டேன். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க தப்பா எழுதல சார். நல்லா எழுதிட்டீங்க. அதான் பேஜாரா பூடுச்சு."

அடுத்த மாதம் வேறு ரூட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பட்டியலிலிருந்து அந்த இடத்தை நீக்கிவிட்டு, அதைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"அழிச்சா இன்னா? பாத்தவன் வாய அழிப்பியா நீ? அது பொய்னு எழுது. அப்டி ஒரு எடமே கெடயாதுனு எழுது. கூட்டம் வர்றது நின்னா எனக்கு மட்டும் தொறந்து வுடுறேன்னு வாட்ச்மேன் சொல்லிகினு கீறான்."

6

(இந்த எண்ணைக் காலியாக விடுகிறேன். அன்றைக்கும் இப்படித்தான் விட்டிருக்க வேண்டும்.)

7

இனி முடிவு. ஒன்று எழுதிப் பார்த்தேன்: கூட்டம் வருவது நிற்கிறது, பூட்டு திறக்கிறது, அக்கா மடியில் இரண்டு சில்லுகளோடு உள்ளே இறங்குகிறார், வெயில் [நன்றாகவே வந்தது. படித்தால் உங்களுக்கே ஒருமுறை போய்ப் பார்க்கத் தோன்றும். அதனால் கிழித்தேன்.]

நான் போய்ச் சில்லுகளைத் திரும்பப் பதித்துக்கொடுப்பதாக இன்னொன்று. என் மனசு ஆறுவதற்காக எழுதியது. அக்கா என்னை அந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே அவர் கேட்டதையே எழுதுகிறேன். மாமல்லபுரம் பக்கத்தில் அப்படி ஒரு கல்லுக்குழி கிடையாது. படம் போலி. யாரும் எந்தச் சுவரிலும் கண்ணாடி பதிக்கவில்லை. மார்கரெட் என்று ஒருவர் இல்லை. கருப்பன் என்று ஒருவர்

[இங்கே கை நின்றுவிட்டது. இடத்தை இல்லை என்று சொன்னால் அந்தப் பதினோரு வருஷத்தையும், அந்த மனிதர் விழுந்ததையும் சேர்த்து இல்லை என்று சொல்ல வேண்டும். அக்கா அது தெரியாமல் கேட்டிருக்க மாட்டார்.]

கருப்பன் என்று ஒருவர் இல்லை. அவர் எங்கிருந்தும் விழவில்லை.

எழுதிவிட்டேன் அக்கா.

வாசகரே, என் பங்கு முடிந்தது. மிச்சம் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் என்னை நம்பிவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வேலியோரம் நின்று, பைக் வருகிறதா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.