நாலு விரல் உயரம்

என் அக்கா என்னைவிட ஒரு சாண் உயரம். நடந்த கேடெல்லாம் அந்த உயரத்தால் வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லாம் என் கொழுப்பால் வந்தது.

இருவரும் ஒரே நூல் மில்லில் வேலை. அவள் பகல் ஷிப்ட், நான் இரவு ஷிப்ட். வரிசை வீட்டில் அடுத்தடுத்த அறைகள். இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். விடிந்ததும் நான் கொண்டுவந்து நடையில் நிறுத்துவேன், அவள் எடுத்துப் போவாள். சாயங்காலம் அவள் நிறுத்துவாள், நான் எடுப்பேன். போகிற வழி முழுக்கக் கால்வாய்க்கரை. ஒரு பக்கம் மில் சுவர், மறுபக்கம் தண்ணீர். சாயப்பட்டறையில் அன்றைக்கு எதைத் திறந்துவிட்டார்களோ அதுதான் தண்ணீரின் நிறம்.

ஒருமுறை சீட் உயரமாக இருந்ததைக் கவனிக்காமல் ஏறிவிட்டேன். பாலத்தடியில் கால் ஊன்றப் பார்த்தால் தரை எட்டவில்லை. சைக்கிளோடு கால்வாயில் விழுந்தேன். ஊதா நிறத்தில் வீடு வந்து சேர்ந்த என்னைப் பார்த்து அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள், அப்புறம் கட்டிப்பிடித்து அழுதாள். அன்றிலிருந்து, சாயங்காலம் வந்ததும் சீட்டை நாலு விரல் இறக்கிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள். காலையில் நான் நாலு விரல் ஏற்றிவிட்டுத்தான் படுப்பேன். அதற்கான ஸ்பானர் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் தொங்கும்.

போன வருஷம் ஏதோ பேச்சுக்குப் பேச்சு வளர்ந்து, குழாயடியில் நாலு பேர் முன்னால் அவள் சொல்லிவிட்டாள்: "உன் வாய்க்குப் பயந்துதான்டி உன் புருஷன் ஓடிப்போனான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அக்கா சொல்லவும் பாதிக் குடத்தோடு அறைக்குத் திரும்பிவிட்டேன். உண்மை இல்லையா, அதான் அப்படிச் சுட்டது. மறுநாள் காலை ஸ்பானரை எடுத்து என் துணிப்பெட்டிக்குள் போட்டேன். சீட்டை இறங்கியபடியே விட்டேன். வந்து கேட்கட்டுமே என்று இருந்தேன்.

அவள் கேட்கவில்லை. அத்தனை உயரமானவள் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க ஓட்டிக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். நாசமாய்ப் போக, சிரித்தேன்! இப்படியே எட்டு மாதம். அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும், காலில் விழுந்திருப்பேன். அவளாகத்தான் பேச வேண்டும் என்ற வீம்பு. சாயங்காலம் சைக்கிள் நடையில் நிற்கும், காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு. பிறகு நொண்ட ஆரம்பித்தாள். "நடிக்கிறா" என்றேன் எதிர் அறைக்காரியிடம்.

போன திங்கட்கிழமை காலை நான் வந்தபோது அவள் அறை பூட்டியிருந்தது.

"மூட்டு தேஞ்சு போச்சாம்" என்றாள் எதிர் அறைக்காரி. "நின்னு வேலை பாக்க முடியலன்னு மில்லுல நிறுத்திட்டாங்க. நேத்து ராத்திரி மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். உனக்குத் தெரியாதா?"

நடுவில் ஒரே ஒரு சுவர். எனக்குத் தெரியாது.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு சைக்கிளிடம் ஓடினேன். என்ன செய்கிறோம் என்றே புரியவில்லை, சீட்டை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். போல்ட் அசையவில்லை. பாலத்தடியில் இருக்கும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் எண்ணெய் விட்டுத் தட்டினார்.

"எட்டு மாசமா அசைக்கல, துரு புடிச்சுப் போச்சு. இவ்ளோ தாழ்வா வெச்சு மடக்கி மடக்கி மிதிச்சா முட்டி தாங்குமா? உங்க அக்கா இங்கதான் உக்காந்து காலத் தேச்சுக்குவாங்க. ஒரு நிமிஷத்துல ஏத்தித் தரேன்னு எத்தனையோ தடவ சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"'என் தங்கச்சி கோவம் ரெண்டு நாளைக்குத்தான், நாளைக்கு அவளே ஏத்தி வெச்சிருவா'ம்பாங்க. போன வாரமும் அதையேதான் சொன்னாங்க."

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. கடைக்காரர் பாவம், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். அக்கா மகன் எடுத்தான். "சித்தி" என்றான், வேறெதுவும் பேசாமல் அவளிடம் கொடுத்தான்.

"கோவம் போயிருச்சாடி?" என்றாள் அக்கா.

ஊரையே கிழிக்கிற வாய் எனக்கு. மன்னிப்புக் கேட்க ஒரு வார்த்தை வரவில்லை. "சீட்ட ஏத்திட்டேன்க்கா" என்றேன்.



"இப்ப எதுக்குடி? மாடிப்படியே ஏற முடியல, இனி நான் எங்க சைக்கிள் ஓட்டப் போறேன்? எறக்கி வெச்சுக்கோ. கால் எட்டாம கால்வாய்ல விழுந்து தொலைக்காத."

நான் இறக்கவில்லை. ஸ்பானரைப் பழைய பையில் போட்டுத் தொங்கவிட்டேன். அன்று முதல் கால்வாய்க்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வேலைக்கு நடக்கிறேன். ஏறி ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

"இது எங்க அக்கா சைக்கிள்" என்கிறேன்.