எண்ணி முடியும் வரை

சாப்பிட்டு முடித்து வெகு நேரமாகியும் தம்பி மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, மூன்றே மணி நேரத்துக்கு, காவலில் வைத்திருக்கும் மனநல மருத்துவமனையிலிருந்து அவனை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று நல்லபடியாகக் கழிந்தால் அடுத்த மாதமும் வரலாம். அதை எழுதித் தர வேண்டிய ஆண் நர்ஸ் வாசலருகே தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, சாப்பாடு பிடிக்கலையா?"

"நல்லாருந்துதுக்கா."

"அப்புறம் ஏன் ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்க?"

நர்ஸ் சிரித்தார். "அங்க ஸ்பூனை எண்ணி முடிக்காம யாரும் எழுந்திருக்கக் கூடாதும்மா. நீங்க எண்ணுவீங்கன்னு காத்திருக்காரு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும்தான் காலையில் எண்ணியிருந்தாள். வீட்டிலிருந்த நான்கு கத்திகளையும் எண்ணி, துணியில் சுற்றி, வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடியிருந்தாள். நோய் முற்றிய நாளில், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்பித் தம்பி வீசிய கத்தி பட்டது அவள் கணவரின் தோளில். "உடம்புக்கு வந்தது, அவன் என்ன செய்வான்" என்றதோடு அவர் அதை முடித்துவிட்டார். இன்று எதிரே உட்கார்ந்து பரிமாறியதும் அவர்தான். அவளுக்குத்தான் பயம் விடவில்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. சரியா இருக்குடா."

"உன் தம்பி வர்ற வழியில வாங்கிட்டு வந்த ஆப்பிளை நறுக்கு" என்றார் கணவர்.

"அப்படியே கடிச்சுச் சாப்பிடுங்களேன்."

"என் பல்லு ரெண்டு ஏற்கெனவே ராஜினாமா பண்ணிடுச்சு. கத்தி எங்க?"

அவள் ஆப்பிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பிதான் மெதுவாகச் சொன்னான்: "விடுங்க மாமா. அக்கா எங்கயாவது பத்திரமா எடுத்து வச்சிருப்பா. நல்லதுதான்."

அந்தக் குரலில் குறையில்லை. குறை இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். 'ஆண்டவனே, நீ பாத்துக்கோ' என்று முணுமுணுத்தபடி போய், வாஷிங் மெஷினைத் திறந்து ஒரு கத்தியை எடுத்து வந்தாள். எதிரே அல்ல, தம்பியின் பக்கத்து நாற்காலியில் தோள் உரச உட்கார்ந்து நறுக்கினாள். நர்ஸுக்கும் ஒரு துண்டு போயிற்று.

பிறகு கத்தியைத் துடைத்து மூன்று ஸ்பூன்களின் பக்கத்தில் வைத்தாள்.

"நீ எண்ணுடா."

அவன் ஒவ்வொன்றாக விரலால் தொட்டான். "ஸ்பூன் மூணு..." கத்தியின் அருகில் வந்ததும் விரல் நின்றது. ஆப்பிள் துண்டோடு மாமா, மூடாத பேனாவோடு நர்ஸ், ஈரத் துணியோடு அக்கா. அவன் எண்ணி முடிக்கும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.