கண்டமாலை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சௌம்யாவின் பிள்ளை நாலைந்து நாளாக அழுகிறது, தாய்ப்பால்தான் கிடைத்தபாடில்லை. புட்டியை வாயில் வைத்தால் துப்புகிறது. இங்கே இவளுக்கோ பால் கட்டி மார்பு கல்லாய்க் கனக்கிறது.

குமணன்சாவடி டாக்டர் அறையில், குழந்தையை இறுக்கிக்கொண்டு எதிரே நின்றாள் எழிலரசி, கணவனின் அக்கா. சௌம்யாவின் கழுத்துக் கட்டிக்கு டிபி என்று பெயர் வந்த அன்றே, குழந்தையை ஆவடியில் தன் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிப்போன புண்ணியவதி. கணவன் கிருபாகரன் மத்தளம். இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு செல்போனைப் பார்த்திருந்தான்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. கிருமி கழுத்து நெறிக்கட்டியில மட்டும்தான். இது இருமல்லயோ மூச்சுலயோ பரவாது. குழந்தையையும் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. மாத்திரையை விடாம சாப்பிடுங்க, தாராளமா பால் கொடுங்க."

சௌம்யா கையை நீட்டினாள். எழிலரசி பின்வாங்கினாள்.

"இன்னா டாக்டர், டிபின்னும் சொல்லிக்கினு பாலும் குடுக்கச் சொல்றீங்க? புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"அண்ணி, குடுங்க." அந்த நிமிஷம் அவளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது சௌம்யாவுக்கு.

பசியில் துழாவிய குழந்தை எழிலரசி கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் காதுக்குக் கீழே, சுருங்கிய பழைய தழும்பு ஒன்று தெரிந்தது.

"இது என்னம்மா?" என்றார் டாக்டர்.

"அதுவா? கண்டமாலை. கழுத்துல கொத்தா கட்டி வந்து ஒடைஞ்சிது. அப்போ என் பையன் விக்ரம் கைக்கொழந்தை. ஆஸ்பத்திரில மாசக்கணக்கா மாத்திரை குடுத்தாங்கோ, ஆறிப்போச்சு."

"பையனுக்குப் பால் கொடுத்தீங்களா?"

"குடுக்காம? நடக்குற வரைக்கும் குடிச்சான். இப்போ காலேஜு போறான், நல்லாத்தான் கீறான்."

"கண்டமாலைங்கறதும் இதே டிபிதாம்மா. பழைய பேரு."

எழிலரசியின் கை தழும்புக்குப் போனது. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையைச் சௌம்யாவின் மடியில் வைத்தாள்.

குழந்தை வெறியோடு பற்றியது. சௌம்யாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, அந்தாண்ட திரும்புடா" என்ற எழிலரசி, இதுவரை தழும்பை மூடியிருந்த முந்தானையை எடுத்து விரித்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் மறைப்பாகப் பிடித்தாள். அவள் கழுத்து திறந்தே இருந்தது.