வெயிலுக்கு மாறாத சத்தம்

“சாரு, வடிவாய்க் கேட்டுச் சொல்லு. உனக்குக் கேக்கிறது ஒரு சத்தமோ, ரெண்டு சத்தமோ?”

அண்ணை இதைக் கேட்டபோது நான் கோப்பாய் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால், காதில் இயர்போனோடு இருந்தேன். கோப்பைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு இரண்டு சின்ன மின்சுற்றுகளை மேசையில் வைத்திருந்தார். ஓசிலேற்றர் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒரு சத்தத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணை ஒன்றின் குமிழை மெல்லத் திருகத் திருக, இரண்டும் கிட்டக்கிட்ட வந்தன. முற்றாகச் சேருவதற்கு முன்னால் நடுவில் இன்னொன்று எழும்பி, ஏணை ஆடுவதுபோல ஏறி இறங்கியது.

“மூண்டு,” என்றேன்.

அண்ணை இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். “எனக்கு ஒண்டுதான் கேக்குது. நாசமாய்ப் போச்சு. மெசின் என்ரை, காது உன்ரை.”

அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் வந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எழுந்து வாசி என்று ரீச்சர் சொன்னால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. வீட்டில் எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தபோது அண்ணைக்குத் தெரிந்திருந்தது.

அண்ணை கீர்த்திகன் இப்போது கட்டாரில் குளிரூட்டிகள் திருத்துகிறார். மெசினின் வட்டங்களில் ஒன்றை அம்மா தண்ணீர் வாளிக்கு மூடியாக வைத்திருக்கிறா. அது பெயின்ற் வாளியின் மூடியாகப் பிறந்தது, திரும்பவும் மூடியாகிவிட்டது. நான் தண்ணீர் அள்ளும்போதெல்லாம் விளிம்பில் சுற்றியிருந்த செப்புக் கம்பியின் தடத்தை விரலால் தொடுவேன்.

அந்த மெசின் செய்ததே அப்பாவுக்காகத்தான். நான் நடக்கப் பழகிய வருசம் அப்பா இறந்துவிட்டார். அவர் பெயரில் ஒரு பழி மட்டும் எங்களோடு இருந்தது.

தொண்ணூறில் எங்கள் சொந்த ஊரான தெல்லிப்பழைப் பக்கம் செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது எல்லோரும் கையில் அகப்பட்டதோடு ஓடினார்கள். பக்கத்து வீட்டு மகாதேவி மாமியின் கணவர் அப்போது கொழும்பில் அகப்பட்டிருந்தார். மாமி தன் கலியாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தை அப்பாவிடம் கொடுத்து, “நமசிவாயம், உங்கடை சாமான்களோடை சேர்த்துத் தாட்டு விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டா. அம்மாவும் போய்விட்டா. அப்பா தனியாக நின்று அந்தக் குடத்தையும் எங்கள் குத்துவிளக்குச் சோடியையும் புதைத்துவிட்டுப் பின்னால் சைக்கிளில் வந்தார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “ஒருத்தரும் தோண்டாத இடத்திலை” என்றார். நாலு நாளில் திரும்பிப் போகலாம் என்று நினைத்த காலம். அதற்குமேல் அம்மா கேட்கவில்லை.

காணி இராணுவத்தின் வேலிக்குள் போய்விட்டது. வருசங்கள் போகப் போக, நமசிவாயம் குடத்தைப் புதைக்கவே இல்லை, வித்துச் சாப்பிட்டுவிட்டார் என்று மாமி சொல்லத் தொடங்கினா. அப்பா இறந்த பிறகும் விடவில்லை. ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் அம்மா குசினிக்குள் புளிபோட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தபோது, மாமி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னா:

“பித்தளை எண்டால் குணலட்சுமியின்ரை கையிலை குடுக்காதேங்கோ. பிறகு மண்ணுக்கை போயிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா புளிக்கையைக் கழுவிவிட்டு, சாப்பிடாமல் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தா. அதற்குப் பிறகு அவர்கள் கதைப்பதில்லை.

இராணுவம் காணியை விட்டபோது அம்மா கேட்டது வீட்டை அல்ல. வீடு இருந்த இடத்தில் பற்றையும், உடைந்த சீமெந்தும், கிணறும்தான் மிச்சம். “அந்தக் குடத்தை எடுத்து அவவின்ரை கையிலை குடுத்தால் காணும். ஒரு வார்த்தை சொன்னால் காணும், கள்ளன் இல்லை எண்டு,” என்றா. அதற்காகத்தான் அண்ணை மெசின் செய்யத் தொடங்கினார். வெளியில் சொல்லவில்லை. புதையல் தோண்டுகிறார்கள் என்று யாராவது பொலிசுக்குப் போய்விடுவார்கள்.

விசயம் இதுதான். மூடியில் சுற்றிய கம்பிச் சுருளை நிலத்துக்கு மேலே பிடித்தபடி நடக்க வேண்டும். அந்தச் சுருளால் ஒரு ஓசிலேற்றர் ஓடும். தடியின் பிடியில் கட்டிய பெட்டிக்குள் இன்னொன்று ஓடும். இரண்டும் காதுக்கு எட்டாத வேகத்தில் துடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பழைய றேடியோவில் கழற்றிய நிலையம் பிடிக்கிற குமிழால் அந்த வித்தியாசத்தைக் குறைத்துக் குறைத்து, டுக்… டுக்… என்று சொட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்து விட வேண்டும். கீழே பித்தளை இருந்தால் சுருளின் வேகம் கூடி, சொட்டுகள் சேர்ந்து கூவத் தொடங்கும்.

பெட்டிக்குள் இருந்ததை ஆடாமல் அசையாமல் நிறுத்த அண்ணை செத்துப்போன ரீவி றிமோட் ஒன்றிலிருந்து சின்னத் துண்டொன்றைக் கழற்றிப் போட்டார். “இவர் மலைமாதிரி நிப்பார்,” என்றார். மேசையில் அவர் மலைமாதிரித்தான் நின்றார்.

முதல் தடவை காணிக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகாதேவி மாமியும் தன் பக்கத்தைத் துப்புரவாக்க ஆள் பிடித்துக்கொண்டு வந்திருந்தா. எங்களைக் கண்டதும் நிழலில் இருந்து எழுந்து வேலியடிக்கு வந்துவிட்டா. வேலி என்று சொல்ல முடியாது. எப்போதோ எல்லைக்கு நட்ட கிளுவைக் கதியால்கள் வேர்விட்டு, மரமாகி, இடைக்கிடை நின்றன.

ஒருத்தரும் தோண்டாத இடம் என்றால் வைரவரென்று கும்பிட்ட கல் இருந்த இடம்தான் என்று அம்மா நினைத்தா. நான் இயர்போனைப் போட்டுக்கொண்டு அங்கே போனேன். வெயிலுக்குள் கால்வைத்த கொஞ்ச நேரத்தில் டுக் டுக் என்றது கூவத் தொடங்கியது. அண்ணை மண்வெட்டி போட்டார். ஒன்றும் இல்லை. கிணற்றடியிலும் கூவியது. அங்கேயும் ஒன்றும் இல்லை. மெசின் எல்லா இடத்திலும் கூவியது. கடைசியில் நான் அதை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். அப்போதும் கூவியது.

“மேலையும் தாட்டவரோ?” என்று மாமி கேட்டா.

பிறகு கிட்ட வந்து எட்டிப் பார்த்தா. நான் சுருளைக் கீழே இறக்கிய நேரம், அது மாமியின் கையடியில் வந்து கீச்சிட்டது. இயர்போனுக்கு வெளியிலும் கேட்டது.

“இதென்ன, என்னைப் பாத்துக் கத்துது!”

“மாமி, உங்கடை காப்பு. கழட்டி வைச்சிட்டு வந்தால் நல்லம்,” என்றார் அண்ணை.

“ஓம் ஓம். கழட்டித் தாறன். அதையும் தாட்டுப்போட்டு, பேரப்பிள்ளையள் காலத்திலை தேடுவம்.”

மாமியின் கூலியாட்கள்கூடச் சிரித்தார்கள். அம்மா சுருளுக்குப் பக்கத்தில்தான் நின்றா. அம்மாவைப் பார்த்து அது கத்தவில்லை. கத்துவதற்கு அம்மாவின் கையிலோ கழுத்திலோ ஒன்றும் இல்லை.

திரும்பும்போது பஸ் கோண்டாவில் தாண்டித்தான் அண்ணை, “வெயில்,” என்றார். “கம்பி சூடாக நீளுது. நீண்டால் வேகம் மாறுது. சத்தம் வந்தால் அது மண்ணுக்குள்ளை இருந்து வரவேணும். இது சூரியனிலை இருந்து வருது.”

அடுத்த கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஈயம் உருகுகிற மணம் வரும். அண்ணை சுருளை ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையால் மூடினார். வெள்ளித்தாள் சுற்றினார். பற்றரி இறங்கினால் சத்தமும் இறங்குகிறது என்று அதற்கொரு காவல் சுற்று வைத்தார். சூட்டில் கூடுகிற துண்டுக்கு எதிராகச் சூட்டில் குறைகிற துண்டைத் தேடி யாழ்ப்பாண ரவுனில் கடை கடையாக அலைந்தார். நான் முற்றத்தில் தடியோடு நின்று, “ஏறுது… ஏறுது… நிண்டிட்டுது… இல்லை, ஏறுது” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அண்ணையிடம் சொல்லும்போது மட்டும் என் தொண்டை அடைக்காது.

ஒரு மத்தியானம் அண்ணை களைத்துப்போய் மாமரத்தடியில் மல்லாந்து படுத்துவிட்டார். “அந்த மலைக்கு ஒண்டும் இல்லை. அது பெட்டிக்கை குளிராய் இருக்கு. இதுதான் வெயிலிலை கிடந்து சாகுது.”

நான், “அப்ப அதையும் வெயிலிலை விடுங்கோவன்,” என்றேன்.

“என்னத்தை?”

“மற்றதை. அதுக்கும் இதுமாதிரி ஒரு மூடி. ரெண்டுக்கும் ஒரே வெயில் படட்டும். ரெண்டும் சேர்ந்து ஏறினால் வித்தியாசம் மாறாதுதானே?”

அண்ணை எழுந்து இருந்தார். முதுகெல்லாம் சருகு. என்னைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார். “மலையைத் தூக்கி எறி,” என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

றிமோட் துண்டு போய்விட்டது. அதே மூடி, அதே கம்பி, அதே சுற்று எண்ணிக்கை. ஒன்று தடியின் அடியில் நிலத்தைப் பார்த்தபடி, மற்றது மேலே வானத்தைப் பார்த்தபடி. குமிழ் மேலே உள்ளதற்கு. அண்ணை அம்மாவின் பித்தளைச் செம்பை முற்றத்தில் தாட்டார். நான் நல்ல வெயிலில் நடந்தேன். டுக்… டுக்… டுக்… அது மாறவில்லை. முற்றத்தைச் சுற்றினேன். மாறவில்லை. செம்புக்கு மேலே வந்ததும் கூவி, தாண்டியதும் திரும்பவும் டுக்… டுக்… என்று தன் இடத்துக்கே வந்து நின்றது. அந்தச் சத்தத்தைப்போல ஒரு நிம்மதியை நான் பிறகு கேட்கவில்லை. அம்மா செம்பைக் காணவில்லை என்று குசினிக்குள் தேடிக்கொண்டிருந்தா.

இரண்டாம் தடவை காணி முழுவதையும் நடந்தேன். உழுகிறதுபோல, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு. வைரவரடியில் ஒன்றும் இல்லை. கிணற்றடியில் ஒன்றும் இல்லை. செம்மண் சத்தத்தைக் கொஞ்சம் கீழே இழுக்கும். குமிழைத் தொட்டுச் சரிசெய்வேன். ஓரிடத்தில் கூவியது, தோண்டினால் துருப்பிடித்த தகரம். பிறகு நீண்ட நேரம் சொட்டு மட்டும். அம்மாவின் முகம் வாடிக்கொண்டு வந்தது. முன்பென்றால் மெசினைப் பழி சொல்லலாம். இப்போது அது பொய் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசிக் கரையில், கிளுவைகளின் அடியோடு திரும்பும்போது சத்தம் ஏறியது. விலகினேன், இறங்கியது. திரும்பி வந்தேன், ஏறியது. இரண்டு கிளுவைகளுக்கு நட்டநடுவில்.

அண்ணை மண்வெட்டியைத் தூக்கினார். “வை கீழை!” என்றா அம்மா. “அது வேலி.”

எங்கள் பக்கத்தில் வேலிக்காலில் மண்வெட்டி போடுவதென்றால் இரண்டு வீட்டாரும் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் தொட்டால் அது எல்லையை அரக்கி மற்றவரின் நிலத்தைப் பிடிப்பதாகும். அதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேலியடியை ஒருத்தரும்…

அம்மா வாயில் கையை வைத்தா. “ஒருத்தரும் தோண்டாத இடம்,” என்றா. “ஐயோ, இந்த மனுசன்!”

மாமி தன் காணியில் புதிதாகப் போட்ட தகரக் கொட்டிலுக்குள் இருந்தா. அம்மா தானே நடந்து போனா. அத்தனை வருசத்துக்குப் பிறகு அம்மா மாமிக்குச் சொன்னது வேலியடியில் நின்ற எனக்குக் கேட்டது.

“மகாதேவியக்கா, வேலியிலை மண்வெட்டி வைக்கப்போறம். வந்து நில்லுங்கோ.”

மாமி வந்தா. காப்புகளைக் கழற்றாமல்தான் வந்தா. “இண்டைக்கும் சூரியனைத்தான் தோண்டப்போறியளோ?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தா. “எங்கை பிள்ளை? நீயே சொல்லு. உன்ரை வாயாலை சொல்லு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வகுப்பில் எழுந்து நின்றதுபோல இருந்தது. காதுக்குள் அது ஆடாமல், நடுங்காமல், ஒரே சத்தமாய்க் கூவிக்கொண்டிருந்தது.

“இஞ்சை,” என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

முழங்கால் ஆழத்தில் உக்கிய சாக்கு வந்தது. அதற்குக் கீழே பச்சைக் களிம்பு பிடித்த குத்துவிளக்குகள் இரண்டும் சரிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில், வாய்க்குச் சிரட்டை பொத்தியபடி, குடம்.

அண்ணை அதைத் தூக்கி வரம்பில் வைத்தார். மாமி குந்தியிருந்து சேலைத் தலைப்பால் கழுத்தடியைத் தேய்த்தா. எச்சில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தா. களிம்புக்குள்ளிருந்து, கடையில் வெட்டுவித்த எழுத்து வந்தது: சி. ம. மாமியின் கணவருடையதும் மாமியுடையதுமான முதலெழுத்துகள். மாமி அதன்மேல் பெருவிரலை வைத்தபடி இருந்தா. அம்மா விளக்குகளைத் தொடவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக, கைகளைத் தொங்கப் போட்டபடி மாமிக்கு முன்னால் நின்றா. நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

மாமி எழுந்தா. குடத்தைத் தூக்கி, அதன் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினா. இரண்டு கையாலும் அதைக் கொண்டுவந்து அம்மாவின் இடுப்பில் வைத்து, அம்மாவின் கையைப் பிடித்து அதன் கழுத்தைச் சுற்றி வளைத்து விட்டா. பிறகு குடத்தை அம்மாவிடமே விட்டுவிட்டு, கிளுவைகளுக்கு இடையால் திரும்பிப் போனா.