நாலாயிரம் குழிகள்

காலைப் பிரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும் நேரத்தில், கங்காணி கந்தப்பன் அன்று தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையின் பெயரைச் சொல்லவில்லை.

"கூடைய லயத்துலயே வச்சிட்டு வாங்க. ஊத்து மலைல மரம் நடணும். பேங்க்காரங்க வர்றாங்க, பல்லு விளக்காதவங்க விளக்கிட்டு வாங்க."

பெண்கள் சிரித்தார்கள். வீரம்மா சிரிக்கவில்லை. ஊத்து மலை என்றதும் லயத்துத் தண்ணீர்க் குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

லிந்துலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் வரிசை வீடுகளாக ஆறு லயம், ஐம்பத்தெட்டுக் குடும்பம். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க, எல்லாம் அந்தக் குழாய் வாயிலிருந்து விழும் தண்ணீர்தான். அது ஊத்து மலையில் பிறந்து வந்தது. போன வருஷம், இரண்டாயிரத்து ஏழில், ஃபாக்டரி அடுப்புக்கு விறகு போதவில்லை என்று ஊற்றைச் சுற்றி நின்ற காட்டு மரங்களைத் தோட்டம் வெட்டித் தள்ளியது. அதிலேயே தண்ணீர் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியும் போனால் என்ன ஆகும் என்பதை வீரம்மா ஊகிக்கவே வேண்டியதில்லை. மேல் டிவிசனைப் போய்ப் பார்த்தால் போதும்.

மலையடிவாரத்தில் லொறி நின்றது. கறுப்புப் பொலித்தீன் பைகளில் நாற்றுகள், நாலாயிரம். வீரம்மா ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தாள். தடிமனுக்கு நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாடை. யூக்கலிப்டஸ் என்று லொறிக்காரன் சொன்னான். தோட்டத்து வாயில் அது டர்பன்டைன். பத்து வருஷத்துக்கு முன் மேல் டிவிசன் ஊற்றுக்கு மேலே இதைத்தான் நட்டார்கள். மரம் தளதளவென்று வானத்துக்குப் போனது. ஊற்று நாலே வருஷத்தில் வறண்டது. இன்றைக்கும் அங்கே தண்ணீர் பவுசர் லொறி வரும் வழியைப் பார்த்து வாளிகள் வரிசையில் கிடக்கின்றன.

ஒன்பது மணிக்கு ஹட்டனிலிருந்து பஸ் வந்தது. பச்சைப் பனியன் போட்ட நாற்பது பேர் இறங்கிச் சப்பாத்தில் சேறு படாத இடமாகத் தேடி நின்றார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் சிவரூபன். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியின் ஹட்டன் கிளையில் அதிகாரி. கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். வங்கியின் ஏசி, ஜெனரேட்டர், வாகனங்கள், எரிக்கும் டீசல், செலவாகும் காகிதம், எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு எவ்வளவு புகையைக் காற்றில் விடுகிறது என்று கொழும்பில் கணக்குப் போட்டிருக்கிறார்களாம். அந்தப் புகையைத் திரும்ப உறிஞ்ச நாலாயிரம் மரம் வேண்டுமாம். அதற்கு இந்த மொட்டை மலையைத் தோட்டத்துத் துரை பெருந்தன்மையோடு தந்திருக்கிறாராம். பச்சைப் பனியன்கள் கை தட்டினார்கள்.

வீரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, இந்த மரம் இங்க வேணாங்க. தண்ணிய எல்லாம் குடிச்சிப்புடும். கீழ ஐம்பத்தெட்டுக் குடும்பம் இருக்குங்க."

சிவரூபன் ஒலிபெருக்கியை இறக்கினார். "அக்கா, கொழும்பிலை முடிவெடுத்தாச்சு. நான் என்ன செய்யிறது? இது கெதியா வளருற மரம்."

"இங்க நின்ன காட்டு மரத்த வெட்டுறப்ப ஒரு பேங்கும் வரலைங்க. அந்த ஜாதியவே திருப்பிக் குடுங்க, சம்பளமில்லாம நட்டுத் தர்றோம்."

"அது வளர இருபது வருசம் எடுக்கும். எங்கடை கணக்குக்கு வராது."

"அப்ப, கொழும்புல நீங்க விடுற பொகைக்கு எங்க தண்ணிதான் தெண்டமா?"

அவர் ஒலிபெருக்கியின் பொத்தானைத் திருகினார். கந்தப்பன் ஓடிவந்து, "பெரிய மனுசங்ககிட்ட என்ன பேச்சு? போ, போயி நடு," என்று அவளை விரட்டினார். துரையின் ஜீப் ரோட்டில் நின்றது. உள்ளே இருந்து ஒருவரும் இறங்கவில்லை.

வீரம்மா ஒரு நாற்றை எடுத்தாள். இருபத்தைந்து வருஷத் தோட்ட வேலையில் பாதியை நாற்றுமேடையில் கழித்தவள். பொலித்தீனைக் கிழித்தாள். ஆணிவேர் வெள்ளையாக, நேராக இருந்தது. அதைத் தூண்டில் முள்ளாக மேல்நோக்கி மடக்கி, குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்தாள். ஆணிவேர் மடங்கிய கன்று சட்டென்று சாகாது. மழை இருக்கும்வரை பச்சையாகச் சிரிக்கும். முதல் வெயிலில் கருகும். நாற்றுமேடையில் வேலை செய்த ஒவ்வொருத்திக்கும் இது தெரியும். பக்கத்துக் குழியில் இருந்த அழகம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் கன்றின் வேரையும் மடக்கினாள். பிறகு அடுத்தவள், அதற்கடுத்தவள். மலை முழுக்க முதுகுகள் குனிந்து நிமிர்ந்தன. பச்சைப் பனியன்கள் சேறில்லாத ரோட்டோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கந்தப்பன் வரிசைக்குள் வந்தார். ஒரு குழிக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார். அவர் வீட்டுத் தண்ணீரும் அதே பீலியில்தான். நிமிர்ந்து, "கைய கைய பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, வேகமா," என்று வெறும் காற்றை அதட்டிவிட்டு நகர்ந்துபோனார்.

கடைசியில் படம். சிவரூபன் பெயர்ப்பலகையோடு ஒரு கன்றை நட, வீரம்மா அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் கன்றை வைத்திருந்த குழிக்குள் அவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, வேர் மடங்கிக் கிடக்கு. இப்பிடி நட்டால் பட்டுப்போகும்."

மலை அப்படியே நின்றது. அழகம்மாவின் கையில் அள்ளிய மண் அப்படியே இருந்தது.

"யாழ்ப்பாணத்திலை நாங்கள் தோட்டம் செய்யிற ஆக்கள் அக்கா, மிளகாய்க் கண்டு நட்ட கை இது." அவரே வேரை நேராக்கி, சொல்லிக் கொடுக்கும் குரலில் ஒவ்வொன்றாக விளக்கி நட்டார்.

"அப்படிங்களா ஐயா," என்றாள் வீரம்மா. "எங்களுக்கு எங்க தெரியப் போவுது."

பளிச்சென்று படம் எடுத்தார்கள்.

மழை முடிந்து, மாசி வெயிலில் மலை செம்பட்டையாகிவிட்டது. நாலாயிரத்தில் ஒன்றே ஒன்று உயிரோடு நின்றது, பெயர்ப்பலகை உள்ள கன்று. பீலியில் தண்ணீர் மெலிந்து விழுந்தாலும் நிற்காமல் விழுந்தது. பெண்கள் குடங்களை வைத்துக்கொண்டு வழக்கம்போலச் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டைச் சத்தம் வீரம்மாவுக்கு இனித்தது.

பங்குனி முதல் வாரத்தில் மறுபடி லொறி வந்தது. நாலாயிரம் புது நாற்று. முந்தின நாளே ஆண்களை விட்டுக் குழிகளைத் திரும்பத் தோண்ட வைத்திருந்தார் துரை. இந்த முறை பனியன்காரர்கள் இல்லை, சிவரூபன் மட்டும். லொறியிலிருந்து குதித்தவர் நேரே வீரம்மாவிடம் வந்தார். கையில் கருகிய கன்றுகள் நாலைந்து. எல்லாவற்றிலும் ஒரே மாதிரித் தூண்டில் முள்.

"எல்லாத்தையும் பிடுங்கிப் பாத்தன்," என்றார் அடிக்குரலில். "அறிக்கையிலை வறட்சி எண்டு எழுதி உங்களைக் காப்பாத்தியிருக்கிறன். இண்டைக்கு ஒழுங்கா நடுங்கோ. திரும்பவும் பட்டுதெண்டால் என்ரை வேலை போகும் அக்கா. எனக்கும் பிள்ளையள் இருக்கு."

காப்பாத்தியிருக்கிறன். அந்தச் சொல் வீரம்மாவின் தலைக்குள் கொதித்தது. வறட்சி என்று எழுதினார். தண்ணீர் என்று ஏன் எழுதவில்லை? மேல் டிவிசன் வாளிகள் என்று எழுதக் கை வரவில்லையா?

"முதல்ல நீங்கள் நடுங்கோ. நான் பக்கத்திலை நிண்டு பாக்கிறன்." ஒரு நாற்றின் பையைக் கிழித்து, வேர் நேராகத் தெரியும்படி அவளிடம் நீட்டினார்.

வீரம்மா வாங்கவில்லை.

"உங்க வேல போனா ஒரு வீடுங்க ஐயா. எங்க தண்ணி போனா ஐம்பத்தெட்டு. அன்னைக்குத் திருட்டுத்தனமா வேர மடக்குனோம், தப்புத்தான். நேரா மூஞ்சியப் பார்த்துச் சொல்லியிருக்கணும்." அவள் குரல் மலை முழுக்கக் கேட்டது. "இன்னைக்கு மடக்க மாட்டோம். நடவும் மாட்டோம்."

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இழுத்து இறுக்கினாள். ஊற்றுக்குக் கிட்டே இருந்த முதல் குழிக்குள் காலை விட்டு, அதன் வாயை அடைத்து உட்கார்ந்தாள்.

"இப்ப என் மேல நடுங்க, ஐயா."

அழகம்மா இரண்டாவது குழியில் உட்கார்ந்தாள்.

"எந்திரி வீரம்மா. தொரை ஜீப்பு ஏறி வருது," என்றார் கந்தப்பன். அவர் குரலில் அதட்டல் இல்லை.

"வரட்டுங்க அண்ணே. அவருக்கும் ஒரு குழி இருக்கு, உக்காரச் சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது குழி நிறைந்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு அடுத்த வரிசை. கீழே ஜீப் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு வளைவில் திரும்பியது. சிவரூபன் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். கிழிந்த பையிலிருந்து மண் உதிர்ந்து உதிர்ந்து, மினுக்கிய சப்பாத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.