ஆறாவது எழுத்து

மூன்றாவது தடவை பார்த்தபோதும் திரையில் அந்த இடத்தில் மீத்தியோனின்தான் இருந்தது. பிரிஸில்லா எழுந்து போய் ஆய்வுக்கூடத்தின் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

செடிக்குத் தண்ணீர் குறைந்தால் அதன் செல்களுக்குள் டீஹைட்ரின் என்றொரு புரதம் பெருகும். மற்ற புரதங்கள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகாதபடி இடையில் புகுந்து காக்கும். நெல்லோ, கடலையோ, வாழையோ, எதை எடுத்தாலும் அந்தப் புரதத்தில் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு கிட்டத்தட்ட ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வோர் அமிலத்தையும் ஓர் எழுத்தாகக் குறிப்பார்கள். கோடிக்கணக்கான வருடங்களாகப் பெரிதாக மாறாமல் வந்த வரிசை அது.

அந்த வரிசையில் ஆறாவது எழுத்து மாறிய ஒரு வாழை பாபநாசம் மலையடிவாரத்தில் இருப்பதாகச் சொன்னவர் கிங்ஸ்டன். பாளையங்கோட்டையில் பிரிஸில்லா படிக்கிற அதே கல்லூரியில், அதே பேராசிரியர் குமரகுருபரனிடம் அவளுக்கு முன்னால் ஆராய்ச்சி செய்தவர். மீத்தியோனின் என்ற அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் லைசின். கட்டுரை வந்தது, பேராசிரியருக்குப் பெயர் வந்தது, கிங்ஸ்டன் ஜெர்மனிக்குப் போய்விட்டார். அந்த மாற்றத்தால்தான் இந்த வாழை வறட்சியைத் தாங்குகிறது என்று நிரூபிப்பதுதான் பிரிஸில்லாவின் முனைவர் பட்டத்துக்கான வேலை. ஆறு வருட வேலை. வருகிற வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு.

கிங்ஸ்டன் விட்டுப்போன மரபணு நகலை வைத்தே அவள் அத்தனை சோதனையும் செய்திருந்தாள். சோதனைக் குழாயில் அந்தப் புரதம் நன்றாகவே வேலை செய்தது. இன்றைக்கு, முதன்முறையாக, வயலில் நின்ற செடிகளின் இலையிலிருந்தே நேராகப் படித்திருந்தாள். எந்தச் செடியிலும் அந்த மாற்றம் இல்லை. நகலெடுக்கும்போது ஓர் எழுத்து தவறியிருக்கிறது. கிங்ஸ்டன் ஒரே ஒரு நகலைப் படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். அவள் ஆராய்ந்த புரதம் உலகத்தில் எந்த வாழையிலும் கிடையாது.

இலை அவள் சித்தப்பா எஸ்றாவின் வயலிலிருந்து வந்தது. கல்லூரி அந்த வாழையைத் திசு வளர்ப்பில் பெருக்கி, பாதித் தண்ணீரில் வளர்த்துப் பார்க்கச் சொல்லிச் சில விவசாயிகளுக்குக் கன்று கொடுத்திருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் சித்தப்பா வயல் முழுக்க அதையே நட்டார். "எங்க பிள்ள கண்டுபிடிச்சது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தார். போன வாரம் போனில், "இலையெல்லாம் மடிஞ்சு தொங்குது பிள்ள. இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். அதற்காகத்தான் போய் இலை பறித்து வந்தாள்.

அவள் கூப்பிட்டுக் காட்டியதும் குமரகுருபரன் திரையை வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. வியாழக்கிழமை முடியட்டும். பெறகு பைய ஒரு திருத்தம் போடுவோம்."

"சார், வயல்ல பாதித் தண்ணிதான் விடுதாங்க. பூ தள்ளுத நேரம்."

"சோதனைய நடுவுல நிறுத்தினா ஏன்னு கேப்பாங்கல்லா? ஒனக்கு இந்த மாசத்தோட கெடு முடியுது. நீட்டிப்பு வேணும்னா அதுக்கும் நான்தான் எழுதணும்." அதட்டவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். "எனக்கும் ஓய்வுபெற அஞ்சு மாசந்தாம்மா இருக்கு. யோசிச்சு நடந்துக்கோ."

வீட்டில் அம்மா சாலோமி கட்டிலில் புதுச் சேலையை விரித்து வைத்திருந்தாள். வியாழக்கிழமைக்கு. ஞாயிறு ஆராதனையில் சர்ச் ஐயர் அவள் பேரைச் சொல்லி ஜெபித்தாராம். "டாக்டர் பிரிஸில்லான்னே சொல்லிட்டாரு" என்று அம்மா சிரித்தாள். அப்பா இறந்தபின் அம்மா அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சேலை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தனக்கு நல்லது செய்தவர் ஒருவர் வழியை மறித்து நிற்பதுபோல இருந்தது. வெறுக்கவாவது ஓர் ஆள் இருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் சித்தப்பாவே கூப்பிட்டார்.

"தென்கால் வாய்க்கால்ல தண்ணி வருது பிள்ள. பக்கத்து வயக்காரன் மடைய தெறந்துட்டான். நான் ஒன் வாயப் பாத்துக்கிட்டு நிக்கேன். விடவா, வேண்டாமா?"

அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். விட்டால் சோதனை குலையும்; சேதி கல்லூரிக்கு வந்துவிடும்.

"விடுங்க சித்தப்பா."

"பாதியா?"

"நெறைய விடுங்க. இது சாதாரண வாழதான். நாங்க சொன்னது தப்பு."

மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்டது. பிறகு, "இத ரெண்டு வாரத்துக்கு முன்னால சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை, அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஃபஹ்மிதா என்ற பேராசிரியை. நிதானமாகத்தான் கேட்டார்.

"இந்த மாற்றத்தை நீங்க செடியிலேயே உறுதிப்படுத்தினீங்களா?"

ஆம் என்று சொன்னால் போதும். குமரகுருபரன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன் மேடம். செடியில அந்த மாற்றம் இல்ல."

அரங்கில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அதன்பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இருப்பதை இருந்தபடி சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, வெளியே வந்ததும் "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றாள்.

பட்டம் கிடைக்கவில்லை. ஆய்வேட்டைத் திருத்தி எழுத ஒரு வருடம் கொடுக்கலாம் என்று ஃபஹ்மிதா பரிந்துரைத்தார். நீட்டிப்புக் கடிதத்தில் குமரகுருபரன் கையெழுத்துப் போட்டார். அவளிடம் கொடுக்காமல் அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போனார். எஸ்றாவின் வயலில் பாதிக்குமேல் மரங்கள் தேறின. தள்ளிய குலைகள் சிறுத்துப் போயின. கிறிஸ்துமஸுக்கு அவர் இவர்கள் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், வாழையைப் பற்றிப் பேச்செடுக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் அம்மா இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறாள்.

ஆய்வுக்கூடத்தில் அதே மேசை, அதே சன்னல், அதே பேராசிரியர். ஒரு மாதம் போல அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உள்ளே வரும்போதெல்லாம் அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாள். போய்விடலாம் என்றால் போக வேறிடமில்லை.

ஒருநாள் மத்தியானம் அவள் பக்கத்தில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"இந்த ஒரு வாழைய வச்சு என்ன எழுத முடியும்? மட்டி, பேயன், செவ்வாழ எல்லாத்துலயும் அந்தத் துண்டப் படி. எங்கயும் மாறலன்னா மாறலன்னு எழுது."

"சரி சார்."

"ஒவ்வொண்ணுலயும் பல செடி எடுக்கணும். ஒரு நகலோட நிறுத்தாத."

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவர் சொன்னது உதவியா தண்டனையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று வாழைக்கும் எங்கே போய் இலை பறிப்பது என்று யோசித்தாள். மட்டி வள்ளியூர்ப் பக்கம் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் சித்தப்பாவிடம்தான் கேட்க வேண்டும். போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.